கோடு விழாத பாட்டில்

கல்குவாரிக் குளத்திலிருந்து தூக்கிய கறுப்புக் காரைக் காவல் நிலையத்தின் பின்பக்கம் நிறுத்தியிருந்தார்கள். இரண்டு நாளாகியும் கதவிடுக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. யாரோ கீழே ஒரு வாளியை வைத்திருந்தார்கள். அந்த வழக்கில் போலீஸ் இதுவரை எடுத்திருந்த ஒரே நடவடிக்கை அந்த வாளிதான்.

இன்ஸ்பெக்டரைப் பொறுத்தவரை கதை முடிந்துவிட்டது. கார் பாலிஷ் கடை ஒன்றில் வேலை பார்த்தவன், ஊரில் எல்லோரும் மினுக்கு என்று கூப்பிடும் இளைஞன், ஒரு கஸ்டமரின் காரை ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டிக்கொண்டு போனான். இருட்டில் வழி தெரியாமல் குளத்தில் விட்டான். ஓட்டுநர் பக்கக் கண்ணாடி இறங்கியிருந்தது. ஆள் அதன் வழியாக வெளியே போயிருக்க வேண்டும். முக்குளிப்பவர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

"பொணம் மட்டும்தான் பாக்கி," என்றார், கடையில் ஒரு சாமான் மட்டும் வந்து சேரவில்லை என்று சொல்கிற தொனியில்.

சர்வேயர் அம்மா தலையாட்டினார். இன்சூரன்ஸில் பல வருடங்கள் நசுங்கிய வண்டிகளைப் பார்வையிட்டுப் பார்வையிட்டு, அவருக்கு விபத்து என்ற சொல்லின் மேல் இருந்த மரியாதை போய்விட்டது. அதற்குப் பிறகுதான் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். பெயர்ப்பலகை மாறியது, கூப்பிடுகிற பெயர் மாறவில்லை. அவர் பின்னாலேயே திரிகிற உதவியாளன் வால். அவனுக்கு அந்தப் பெயர் வந்ததற்குப் பின்னால் திரிவது பாதிக் காரணம். மீதிக் காரணம் அவன் வாயைத் திறந்ததும் தெரிந்துவிடும்.

கூட வந்திருந்தவள் மினுக்கின் அக்கா. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். முந்தின நாள் ஆபீஸுக்கு வந்தபோது நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. "என் தம்பி திருடினான்னு சொல்றாங்க. செத்துட்டான்னும் சொல்றாங்க. முதல்ல சொன்னது பொய். அப்ப ரெண்டாவதும் பொய்யா இருக்கலாம்ல?" என்று கேட்டாள். அந்தத் தர்க்கத்தில் வேன் போகிற அளவு ஓட்டை இருந்தது. ஆனாலும் சர்வேயர் அம்மா உடனே செருப்பை மாட்டிக்கொண்டார்.

இப்போது அவர் கைக்குட்டையால் காரின் பானட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். சேறு போனது. சேற்றுக்கு அடியில், பானட்டின் இடது பாதி மட்டும் பால் ஊற்றிக் காய்ந்த மாதிரி மங்கிக் கிடந்தது. வலது பாதி பளபளத்தது. இரண்டுக்கும் நடுவே, முன்னாலிருந்து பின்வரை, நேர்க்கோடு.

குளத்துச் சேறு படிந்த கறை என்றார் இன்ஸ்பெக்டர்.

"சேறு ஸ்கேல் வச்சா படியும்?" என்று கேட்டார் சர்வேயர் அம்மா.

"படிச்ச சேறா இருக்கும் மேடம்," என்றான் வால்.

இன்ஸ்பெக்டர் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே கூட்டிப் போனார். அலமாரியில் ஒரு வேலைப் பை இருந்தது. காரின் டிக்கியில் கிடைத்தது. நாலைந்து துணிகள், ஒரு சுருள் மாஸ்கிங் டேப், தேய்க்கிற பஞ்சு வட்டுகள், ஒரு பாட்டில் சீலன்ட். பாலிஷ் போட்ட பிறகு பெயின்ட் மேல் காப்பாகப் பூசுகிற திரவம். பாலிஷ் கடை முதலாளியே நேரில் வந்து இது மினுக்கின் பைதான் என்று அடையாளம் காட்டியிருக்கிறார். காட்டும்போது அழுதாராம். கான்ஸ்டபிள் ஒருவர் தன் கைக்குட்டையைக் கொடுத்தாராம். அது இன்னும் திரும்பி வரவில்லையாம்.

பாட்டில் வெளிறிய பிளாஸ்டிக். உள்ளே இருப்பது வெளியே தெரிந்தது. அடித்துவைத்த பாலாடை மாதிரி, மேலிருந்து கீழ்வரை ஒரே வெள்ளை. அலமாரியில் வைத்ததிலிருந்து யாரும் தொடவில்லை என்று மேலே படிந்திருந்த தூசியே சாட்சி சொன்னது.

அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இது அவன் பாட்டில் இல்ல," என்றாள்.

பை அவனுடையதுதானே என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். பை அவனுடையதுதான், கைப்பிடியை நான்தான் தைத்துக் கொடுத்தேன் என்றாள். லேபிளில் அந்தக் கடை வைத்திருக்கும் அதே கம்பெனிப் பெயர்தானே என்றார். ஆமாம் என்றாள். அப்புறம் என்னம்மா என்றார். அவள் வெளியே வந்து வேனின் ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவுப் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

அதே பாட்டில். அதே லேபிள். உள்ளே மட்டும் வேறு உலகம். மேலே மஞ்சளாக எண்ணெய், நடுவே கலங்கல் தண்ணீர், அடியில் சுண்ணாம்பு மாதிரி வண்டல். ஒவ்வொன்றுக்கும் நடுவே கோடு.

"கடையில இருந்து அவன் குடுத்தது. வேனுக்குப் போடுறேன். குலுக்கு குலுக்குன்னு குலுக்கணும். ஒரு கதவு தேய்ச்சு முடிக்கிறதுக்குள்ள திரும்பவும் பிரிஞ்சு நிக்கும். அந்தக் கடைப் பாட்டில் எல்லாமே இப்படித்தான்னு சொல்லிச் சிரிப்பான்."

வால் தேதியைப் பார்த்தான். கெடு முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. "இதுக்குள்ள வயசாயிடுச்சு பாவம்," என்றான்.

சர்வேயர் அம்மா அவசரப்படவில்லை. வெயிலில் வேன் கதவுக்குள் கிடந்தால் நல்ல சரக்கும் கெடும் என்றார். கெட்டது இந்தப் பாட்டிலா, இல்லை ஒழுங்காக இருக்கிற அந்தப் பாட்டில்தான் தப்பா என்று முதலில் தெரியவேண்டும். பாட்டிலை நன்றாகக் குலுக்கி, டாஷ்போர்டின் மேல் நிற்க வைத்தார். "வண்டிய எடும்மா. இதே கம்பெனி சரக்கு விக்கிற கடை எங்க இருக்கு?"

கார் சாமான்கள் விற்கிற கடை நாலு தெரு தள்ளி இருந்தது. முதல் தெருவில் பாட்டில் வெள்ளையாக இருந்தது. இரண்டாவது தெருவில் மேலே ஒரு மஞ்சள் நூல் தெரிந்தது. கடை வாசலில் வேன் நின்றபோது கோடு நன்றாகவே விழுந்துவிட்டது.

"குலுக்குற வரைக்கும்தான் கூட்டணி," என்றான் வால்.

கடைக்காரர் பேச ஆள் கிடைக்காமல் காலையிலிருந்து தவித்துக்கொண்டிருந்தவர். சர்வேயர் அம்மா விற்காமல் கிடக்கிற பழைய பாட்டில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டதும், ஏணி வைத்து ஏறி, கெடு முடிந்து பல மாதம் ஆன ஒன்றைத் தூசியோடு இறக்கிக் கொடுத்தார். மேலே லேசாக, கண்ணைக் குறுக்கிப் பார்த்தால் தெரிகிற அளவுக்கு ஒரு படலம். ஒரு குலுக்கில் கலந்தது. கலந்தது கலந்தபடியே நின்றது. வயதானாலும் அதற்குக் குடும்பத்தோடு ஒட்டியிருக்கத் தெரிந்தது.

வேன் பாட்டிலை முகர்ந்து பார்த்ததும் கடைக்காரர் சிரித்துவிட்டார். இது ஒரு கம்பெனிச் சரக்கே இல்லை என்றார். தேதி முடிந்து இவர்கள் தூக்கிப் போடுகிற பாட்டில்களை, எந்தக் கம்பெனி என்று பார்க்காமல், பாலிஷ் கடை முதலாளி சாக்கு சாக்காக அள்ளிக்கொண்டு போவாராம். எல்லாவற்றையும் ஒரே பீப்பாயில் கொட்டி, தண்ணீர் விட்டு, மண்ணெண்ணெய் விட்டு, நல்ல லேபிள் ஒட்டிய பாட்டிலில் அடைத்துவிடுவாராம். கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரியும். இவர்களுக்கும் குப்பை ஒழிந்தால் சரி.

"ஆனா இந்த வாரம் ஒரு அதிசயம் பாருங்க," என்று குரலைத் தாழ்த்தினார். "அவரே வந்தாரு. புதுப் பாட்டில் ஒன்னு வேணும், ஒரிஜினல் வேணும்னாரு. விலை சொன்னேன். பேரமே பேசல. நான் பயந்தே போயிட்டேன். உடம்புக்கு ஏதாவது முடியலையான்னு கேட்டேன்."

எப்போது என்று கேட்டார் சர்வேயர் அம்மா.

கார் குளத்தில் கிடக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு கிளம்பியதற்கு முந்தின சாயங்காலம்.

வேனில் திரும்ப ஏறினார்கள். அக்கா சாவியைத் திருகவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, "சொல்லுங்கம்மா," என்றாள்.

சர்வேயர் அம்மா சொன்னார். அவர் சொல்கிற விதம் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். நசுங்கிய மட்கார்டைப் பற்றியும் அப்படித்தான் பேசுவார், மனுஷனைப் பற்றியும் அப்படித்தான் பேசுவார். பாலிஷ் வேலைக்காரர்கள் தங்கள் கைவேலையைக் காட்ட விரும்பினால், பானட்டின் நடுவே டேப்பை நேராக ஒட்டி, ஒரு பக்கம் மட்டும் பூசிக் காட்டுவார்கள். மினுக்கு ஒரு பக்கம் கடைக் கலவையைப் பூசியிருக்கிறான், மறுபக்கம் நல்ல சரக்கை. கடைக் கலவை பெயின்டைத் தின்றுவிட்டது. தேய்த்தால் போகிற மங்கல் இல்லை அது. கார் சொந்தக்காரர் வந்ததும் இரண்டு பாதியையும் காட்டிவிடுவது என்று நினைத்திருக்கிறான். அது முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. மறைக்க முடிகிற கறை இல்லை என்பதால் காரையே மறைத்துவிட்டார். கார் போனால் கொண்டுபோனவன் ஒருத்தன் வேண்டும். அதற்குத்தான் மினுக்கின் பை.

"சரி மேடம், பையில அவங்க கடைப் பாட்டிலையே போட்டிருக்கலாமே. எதுக்குப் புதுசா வாங்கணும்?" என்றான் வால்.

"போலீஸ் கையில போகப்போற பாட்டில். பிரிஞ்சு நின்னா நாலு பேரு என்னன்னு கேப்பாங்க. கடை பேரு கெட்டுடும்."

வால் விரலை மடக்கி எண்ணினான். "அதாவது ஒருத்தன் மேல திருட்டுப் பட்டம் கட்டலாம், ஆளைக் காணாமப் போக வைக்கலாம். ஆனா சரக்கு மட்டம்னு யாரும் சொல்லிடக் கூடாது."

"வியாபாரின்னா அப்படித்தான்."

அக்கா இதையெல்லாம் கேட்டதாகவே தெரியவில்லை. அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "அவன் உசுரோட இருக்கானா?"

"இருக்கான்னுதான் நினைக்கிறேன்," என்றார் சர்வேயர் அம்மா. "அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

பிறகு, முதல் தடவையாகக் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். காரைத் தள்ளிய அன்றே மினுக்கையும் அதில் வைத்துத் தள்ளியிருந்தால் இதற்குள் உடல் கிடைத்திருக்கும். காரைத் தள்ளுவதற்கு ஒரு அளவு தைரியம் போதும். ஆளைத் தள்ள இன்னும் கொஞ்சம் வேண்டும். அதை முதலாளி இப்போது சேர்த்துக்கொண்டிருக்கிறார். ஊரே குளத்தைச் சுற்றி நின்று ஒரு உடலுக்காகக் காத்திருக்கிறது. "முங்கிச் செத்தான்னு நம்ப வைக்கணும்னா, தண்ணிக்குள்ள போற வரைக்கும் மூச்சு இருக்கணும்."

வால் எதையாவது சொல்லுவான் என்று இரண்டு பேருமே ஒரு கணம் எதிர்பார்த்தார்கள். அவன் டாஷ்போர்டில் இருந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார்கள். அவர் குளக்கரையில் இருந்தார். ஒரு பாட்டில் பிரிந்து நிற்கவில்லை என்பதற்காக ஒரு பெரிய மனிதர் கடையில் போய்ப் பூட்டை உடைக்க முடியாது என்றார். இருட்டினால் தேடுவதை நிறுத்திவிடப் போகிறோம், காலையில் பேசலாம் என்று வைத்துவிட்டார்.

அக்கா வண்டியைக் கிளப்பினாள்.

பாலிஷ் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வேனைப் பின்பக்கமாக எடுத்து ஷட்டருக்கு முன்னால் ஒட்டி நிறுத்தச் சொன்னார் சர்வேயர் அம்மா. கூப்பிடும் வரை இறங்க வேண்டாம் என்றும் சொன்னார். அவரும் வாலும் குனிந்து உள்ளே போனார்கள்.

நாலு கார் நிற்கிற கூடம் காலியாக இருந்தது. வேலையாட்களுக்கு மூன்று நாள் துக்க விடுமுறை, சம்பளம் இல்லாமல். விளக்கு எரியவில்லை. மின்விசிறி சுற்றவில்லை. பின்கட்டில் காற்றடிக்கிற கம்ப்ரசர் மட்டும் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது.

கூடத்தின் கோடியில் முதலாளியின் மேஜை. ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் போலீஸ்காரரின் கைக்குட்டை. அவர் முதுகுக்குப் பின்னால் சுவருக்குப் பதில் கண்ணாடி. அந்தப் பக்கம் சரக்கு அறை. வேலையாட்கள் பாட்டிலை எடுத்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்ப்பதற்காக அவரே போட்டுக்கொண்ட ஏற்பாடு. இப்போது அதில் கார் கண்ணாடிகளுக்குப் போடுகிற கறுப்பு சன் ஃபிலிம் ஒட்டியிருந்தது. வெட்டி மிஞ்சிய துண்டுகள், மூன்று விதக் கறுப்பு. ஒட்டிய அவசரத்தில் காற்றுக் கொப்புளங்கள் அப்படியே நின்றன. துண்டுகள் போதவில்லை போலிருக்கிறது. தரையோரம் ஒரு சாண் கண்ணாடி மூடாமல் விடுபட்டிருந்தது. அதன் வழியாக அடித்தட்டில் வரிசையாக நிற்கும் பாட்டில்கள் தெரிந்தன.

இன்சூரன்ஸ் ஆள் என்று முதலாளி அவராகவே நினைத்துக்கொண்டார். சர்வேயர் அம்மா அந்த நினைப்பைக் கெடுக்கவில்லை. துக்கம் விசாரித்தார். முதலாளி கைக்குட்டையை எடுத்தார். மினுக்கைத் தன் பிள்ளை மாதிரி வைத்திருந்ததாகச் சொன்னார்.

"சம்பளமும் பிள்ளைக்குக் குடுக்குற மாதிரியேவா சார்?" என்றான் வால்.

முதலாளி அவனைக் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டார். குளத்தில் தேடுகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. அவர்களைக் குறை சொல்லக்கூடாது என்றார். ஆழம் அதிகம், கலங்கல் அதிகம். பிறகு ஒரு அனுபவஸ்தர் மாதிரி, "கவலைப்படாதீங்க மேடம். நாளைக்குக் காலையில தானா மேல வந்துடுவான்," என்றார்.

நாளைக் காலை பால் வரும் என்று சொல்கிற நிச்சயம் அதில் இருந்தது. 

சர்வேயர் அம்மா பேச்சை மாற்றினார். தன்னுடைய காருக்கும் ஒரு பாட்டில் சீலன்ட் கொடுங்களேன் என்றார். முதலாளி மிகவும் வருந்தினார். சரக்கு அறைச் சாவி மினுக்கிடம்தான் இருந்தது. அதுவும் குளத்தோடு போயிற்று. அவன் போன நாளிலிருந்து அந்தக் கதவை யாரும் திறக்கவில்லை, உள்ளே ஒரு ஈ கூடப் போயிருக்காது.

பூட்டை உடைத்துவிடலாமே என்று கேட்டார் சர்வேயர் அம்மா.

"நல்ல பூட்டு மேடம். உடைச்சா வீணாயிடும்."

வால் இதற்குள் செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்திருந்தான். அடித்தட்டுப் பாட்டில்கள் அவன் கண்ணுக்கு நேராக வந்தன. மேலே மஞ்சள், நடுவே தண்ணீர், அடியில் வண்டல். கோடு. அடுத்ததிலும் கோடு. அதற்கடுத்ததிலும், அதே உயரத்தில், ஒரே கையால் இழுத்த மாதிரி. வரிசை முழுக்க அப்படியே போய், கடைசி மூன்று பாட்டில்களில் கோடு இல்லை.

மேலிருந்து கீழ்வரை வெள்ளை.

நாலு தெரு தாண்டுவதற்குள் பிரிந்துவிடுகிற சரக்கு. நாட்கணக்காக யாரும் நுழையாத அறை. அவன் நிமிர்ந்தபோது சர்வேயர் அம்மா அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உள்ளே வந்தபோதே பார்த்திருக்க வேண்டும்.

"வால், அந்த மோட்டார் சத்தத்துல சார் பேசுறது காதுல விழல. போய்க் கொஞ்சம் நிறுத்திட்டு வா."

"வேண்டாம்," என்றார் முதலாளி. மிக வேகமாக வந்தது அது. "அது ஓடணும்."

"ஒரு வண்டி கூட இல்லையே."

"ஓடட்டும் மேடம். பரவால்ல."

பகலில் ஒரு பல்பு எரிந்தால் பொறுக்காத மனிதர், கரண்ட் ஓடட்டும் பரவாயில்லை என்றார். வால் அவர் எழுவதற்கு முன்பே பின்கதவைத் தாண்டியிருந்தான்.

பின்கட்டு குறுகலானது. கம்ப்ரசர் சுவரோரம் உதறிக்கொண்டிருந்தது. அதில் குழாயே மாட்டவில்லை. காற்று எங்கும் போகாமல் சும்மா சீறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன லாரி. அதன் மேல் ஆள் உயர நீலப் பீப்பாய், பக்கத்தில் சுருட்டி வைத்த கயிறு. கடைக் கலவை போடுகிற பீப்பாயாக இருக்கும் என்று நினைத்து, சக்கரத்தில் கால் வைத்து ஏறி எட்டிப் பார்த்தான்.

முக்கால்வாசி தண்ணீர். பச்சையாக, பாசியும் கலங்கலுமாக. மேலே இரண்டு இலைகள் மிதந்தன. ஒரு நாணல் துண்டும் மிதந்தது. இரண்டடி தள்ளி ஒரு குழாய் இருந்தது. அதிலிருந்து சொட்டிய தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. பின்கட்டிலேயே குழாயை வைத்துக்கொண்டு, நாளைக்கு நுரையீரலை அறுத்துப் பார்த்தாலும் குளத்துத் தண்ணீரே இருக்கட்டும் என்று, இந்த மனிதர் குளத்துக்குப் போய் ஒரு பீப்பாய் மொண்டு வந்திருக்கிறார். அதில் எதையும் கலக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கலப்படமில்லாத ஒரு சரக்கைத் தயார் செய்து வைத்திருக்கிறார்.

 வால் இறங்கி வந்து கம்ப்ரசரின் சுவிட்சை அமுக்கினான்.

சத்தம் இறங்கி, முனகி, நின்றது.

நின்ற பிறகு வேறொரு சத்தம் இருந்தது. மெதுவாக, மிக மெதுவாக, இரும்பில் ஏதோ மோதும் சத்தம். சரக்கு அறைக்குள்ளிருந்து.

அவன் ஓடி உள்ளே வந்தபோது முதலாளி எழுந்து நின்றிருந்தார். சர்வேயர் அம்மா உட்கார்ந்தே இருந்தார்.

"எலி," என்றார் முதலாளி.

மறுபடி மோதியது. அடித்தட்டின் கடைசிப் பாட்டிலில் வெள்ளை ஒரு தடவை அலம்பி அடங்கியது.

"பெரிய எலி சார். ஷூ போட்டிருக்கு," என்றான் வால். 

முதலாளி ஷட்டர் பக்கம் நகர்ந்தார். ஷட்டருக்கு வெளியே வேன் சுவர் மாதிரி நின்றது. வேனுக்கும் ஷட்டருக்கும் இடையிலிருந்த சந்தில் நுழைந்து அக்கா உள்ளே வந்துகொண்டிருந்தாள். மோட்டார் நின்றதும் அவளை யாரும் கூப்பிடத் தேவைப்படவில்லை. முதலாளியை அவள் பார்க்கக்கூட இல்லை. நேராகக் கண்ணாடிக்குப் போய்த் தரையில் குப்புறப் படுத்து அந்த ஒரு சாண் இடைவெளியில் முகத்தை வைத்தாள். "டேய்," என்றாள். உள்ளங்கையால் கண்ணாடியை அடித்தாள். "டேய், நான்தான்டா."

பதில் இல்லை. மோதல் சத்தமும் நின்றுவிட்டது. நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். ஒன்றும் இல்லை.

"அம்மா," என்றாள் அக்கா, திரும்பாமலே. "கோடு விழுது."

கடைசிப் பாட்டிலின் மேலே மஞ்சளாக ஒரு நூல் வந்திருந்தது.

சர்வேயர் அம்மா இப்போதுதான் எழுந்தார். அவர் முதலாளியிடம் குரலை உயர்த்தவில்லை. "சாவி."

"அது குளத்துல மேடம், நான் சொன்னேனே."

"இப்ப உங்க மேல இருக்கிறது ஆளை அடைச்சு வச்ச கேஸ். அந்தக் கோடு முழுசா விழுந்துட்டா அது வேற கேஸ். உங்க சரக்குதான். எவ்வளவு நேரம் தாங்கும்னு உங்களுக்கே தெரியும்."

முதலாளி பாட்டிலைப் பார்த்தார். தன் வாழ்நாளில் அவ்வளவு உன்னிப்பாக அவர் அந்தச் சரக்கைப் பார்த்திருக்க மாட்டார். நல்ல சரக்காக இருந்திருந்தால் மாதக்கணக்கில் நேரம் கிடைத்திருக்கும். இரண்டு வழக்கில் எது மலிவு என்று அவர் கணக்குப் போடுவது முகத்திலேயே தெரிந்தது. நூல் விரல் அகலமானது. அவர் இடுப்புப் பட்டியின் உள்பக்கம் கைவிட்டுச் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார். வைத்த கை உடனே எடுக்கப்படவில்லை. வால் அந்தக் கைக்கு அடியிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

கதவைத் திறந்ததும் மண்ணெண்ணெய் நெடியும் சூடும் ஒன்றாக முகத்தில் அடித்தன. மினுக்கு அடித்தட்டின் காலடியில் ஒருக்களித்துக் கிடந்தான். கையிலும் வாயிலும் மாஸ்கிங் டேப். கால்கள் சேர்த்துக் கட்டியிருந்தன. இரண்டு பாதமும் இரும்புத் தட்டின் கடைசிக் காலில் முட்டுக்கொடுத்தபடி நின்றிருந்தன. அந்தக் கால் கொஞ்சம் வளைந்திருந்தது. எத்தனை நாளாக உதைத்தானோ. கம்ப்ரசர் சத்தத்தில் யாருக்கும் கேட்காத உதை. கண்கள் மூடியிருந்தன.

அக்கா வாலைத் தள்ளிவிட்டு உள்ளே விழுந்தாள். டேப்பைப் பிய்த்தாள். இரண்டு தோளையும் பிடித்துக் குலுக்கினாள். காலையில் வேனைத் துடைக்கும் முன்னால் பாட்டிலைக் குலுக்குவாளே, அதே மாதிரி, அதே முரட்டுத்தனத்தோடு. அவன் தலை இங்கும் அங்கும் ஆடியது. அவள் விடவில்லை. வாசலில் சர்வேயர் அம்மா முதலாளியின் மேல் ஒரு கண்ணை வைத்தபடி இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

மினுக்கு இருமினான்.

கண்ணைத் திறக்க வெகு நேரம் ஆனது. திறந்ததும் அக்காவைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் நிற்கிற இரண்டு புது முகங்களைப் பார்த்தான். உதட்டில் டேப்பின் பசை ஒட்டியிருந்ததால் வார்த்தைகள் ஒவ்வொன்றாகப் பிய்ந்து வந்தன.

"கஸ்டமரு... பானட்டப் பாத்தாரா?"

"வாய மூடு. டேப்பத் திரும்ப ஒட்டிடுவேன்," என்றாள் அக்கா.

அவனைக் குலுக்குவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை.